பழைய பைக் திணறுகிறதா? கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்பும் பின்பும்

காலையில் சோக் போட்டு நாலைந்து கிக் அடித்தால் வண்டி கிளம்புகிறது. தெருமுனை வரை ஒழுங்காகப் போகிறது. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்றதும் ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். மறுபடி கிளப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடியே வைகைப் பாலத்தைத் தாண்டினால் 'டப் டப்' என்று மிஸ்ஸிங். ஒர்க்ஷாப்பில் நிறுத்தினால், "கார்புரேட்டர் அடைச்சிருக்கும் தம்பி, கழட்டி சர்வீஸ் பண்ணிரலாம்" என்கிறார்கள். பணம் கொடுத்து எடுத்து வருகிறோம். ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் பழைய கதை.

அப்பா ஓட்டியது, மாமா கொடுத்தது, ஊரில் திண்ணை ஓரம் கிடந்தது என்று ஏதோ ஒரு வழியில் பழைய வண்டி கைக்கு வந்து, இப்போதுதான் ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ப்ளெண்டர், சிடி 100, ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்ததிலிருந்து புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதற்கு முந்தைய சாதாரண வண்டிகளில் பெரும்பாலானவை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த வண்டிகள்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் மேல் போடப்படும் பழியில் பெரும்பங்கு வேறு இடத்துக் கோளாறு. பெட்ரோல் சரியாக இறங்காவிட்டாலும், பிளக் சரியாக எரியாவிட்டாலும், எங்காவது காற்றுக் கசிந்தாலும், வால்வு சரியாக மூடாவிட்டாலும் வண்டி ஒரே மாதிரிதான் திணறும். இந்த நான்கையும் பார்க்காமல் கார்புரேட்டர் திருகுகளைத் திருப்பினால், இருந்த ஒரு கோளாறு இரண்டாகும்.

இதை நான் கற்றுக்கொண்டது அழகர்கோவில் ரோட்டில். அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் போய்க்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி இழுவை இழந்து, இரண்டு முறை குலுங்கி நின்றது. பத்து நிமிடம் புளியமர நிழலில் நிறுத்தி வைத்துவிட்டு உதைத்தால் உடனே கிளம்பியது. மறுபடி ஆறேழு கிலோமீட்டர், மறுபடி நின்றது. அந்த மாதத்தில் மட்டும் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியிருந்தேன். மூன்றாம் முறை நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் விஷயம். மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். அது அழுக்கில் அடைத்துப் போயிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல், டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவதே நின்றுவிட்டது. நிறுத்தி வைத்த பத்து நிமிடத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் வண்டி மறுபடி உயிர் பெற்றது. மூடியைக் கழுவி, துளையில் காற்று அடித்ததோடு சரியானது. அன்றிலிருந்து எந்த வண்டி 'ஓடி ஓடி நிற்கிறது' என்று வந்தாலும் முதலில் மூடியைத்தான் திறக்கிறேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு எப்போது வருகிறது என்று எழுதுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நின்றிருக்கும்போதா, ஏற்றத்திலா, வேகமெடுக்கும்போதா? மழையில் நனைந்த பிறகா, பெட்ரோல் போட்ட பிறகா? யாராவது வண்டியில் கை வைத்த பிறகா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி சர்வீஸ் முடிந்து வந்ததும் திணறினால், அங்கே கழற்றி மாட்டிய இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது கோளாறு வருகிறது என்பதுதான் இதில் எல்லாவற்றையும் விட முக்கியம். கைப்பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, பக்கத்தில் அசையாத பாகத்தில் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது வேறு, கைப்பிடி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது வேறு. கார்புரேட்டருக்குத் தெரிவது இரண்டாவது மட்டுமே.

பெட்ரோல் இறங்குகிறதா?

இந்த வேலைகளை வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அடுப்பு, சாமி விளக்கு, பீடி சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து போகும். அறைக்கு வெளியே இருக்கும் நெருப்பைக்கூட அது எட்டிவிடும்.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் சேரும் டியூபைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். பெட்ரோல் நூல் அறுபடாமல் இறங்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஓட்டம் கூடினால் மூடித்துளை அடைப்பு. கூடாவிட்டால் டேப்புக்குள் இருக்கும் வலைச் சல்லடையில் துரு அடைத்திருக்கிறது, அல்லது டியூப் உள்ளே உப்பிப் போயிருக்கிறது. ரிசர்வில் மட்டும் நன்றாக இறங்கினால், மெயின் குழாய் அடைத்திருக்கலாம். பெட்ரோல் குறைவாக இருப்பதே காரணமாகவும் இருக்கலாம்.

பாட்டிலில் பிடித்ததைப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டு தனியாகத் தெரிந்தால் அது தண்ணீர். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே நிற்கும் வண்டிகளுக்கு இது வாடிக்கை. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த வழியாக மழைநீர் இறங்கும். 2023-லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது பங்குகளில் பரவலாகக் கிடைப்பது அதுதான். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, டேங்க்கின் அடியில் டேப் இருக்கும் இடத்திலேயே தங்கும். பழைய ரப்பர் டியூப், ஓரிங், கேஸ்கட் ஆகியவையும் எத்தனாலில் ஊறிப்போய் உப்பலாம் அல்லது வெடிக்கலாம். டியூப் கறுப்பாகக் கையில் ஒட்டினால் மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக இரண்டு லிட்டர் போட்டு அப்புறம் பாருங்கள்.

பிளக் சொல்லும் சேதி

வண்டி ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். கழற்றுவதற்கு முன் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும்.

பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. எத்தனால் பெட்ரோலில் அதைவிடக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம். அடுப்புக்கரி போலக் காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக, பொரிந்த மாதிரி இருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாகக் கறுத்திருந்தால் இன்ஜின் ஆயில் மேலே வந்து எரிகிறது. அது பிஸ்டன் ரிங் அல்லது வால்வு ஆயில் சீல் வேலை, கார்புரேட்டருக்குச் சம்பந்தமே இல்லை. சிக்னலில் நிறையக் காத்திருந்து வீட்டுக்கு வந்ததும் பார்த்தால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். ரிங் ரோட்டில் சீரான வேகத்தில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுப் பாருங்கள்.

பொறி வருகிறதா என்று பார்க்க, பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, உலோகப் பகுதி இன்ஜின் மேல் நன்றாகப் படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். துளை வழியாகப் பெட்ரோல் புகை வெளியே வரும், தீப்பிடிக்கும். பிளக்கை எங்கும் தொடாமல் அந்தரத்தில் விட்டு உதைக்கவும் கூடாது, பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டி பாழாகலாம். பொறி நீலமாக, 'சட் சட்' என்று கேட்கும்படி இருக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் முதலில் புதுப் பிளக், அடுத்து பிளக் கேப், அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். பாயிண்ட் (மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் சின்ன ஸ்விட்ச்) வைத்த பழைய புல்லட் என்றால் பாயிண்ட்டில் கரி பிடித்திருக்கிறதா, இடைவெளி சரியா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சூடானதும் நின்று, ஆறினதும் கிளம்பும் வண்டிக்கு டேங்க் மூடி ஒரு காரணம் என்றேன். காயில் இன்னொரு காரணம். சூட்டில் உள்சுற்று விட்டுப்போய், ஆறினதும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் பிரித்தறிய, நின்ற இடத்திலேயே உடனே சோதிக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் கிளம்பினால் மூடி. திறந்தும் கிளம்பாமல், பொறியும் இல்லையென்றால் பெரும்பாலும் காயில். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் அதற்குள் ஆறிவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு பிளக் ஸ்பேனரும் ஒரு புதுப் பிளக்கும் சைடு பாக்ஸில் எப்போதும் கிடக்கட்டும்.

காற்று போக வேண்டிய வழி, போகக் கூடாத வழி

மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசி, வைகைக் கரையோர ரோடுகளில் மணல், ஊருக்குள் தோண்டிப் போட்ட தெருக்களின் புழுதி. நம் பக்கத்து வண்டிக்கு ஏர் ஃபில்டர் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை தாங்காது. ஸ்பாஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ கசக்கிக் கழுவி, நிழலில் காயவைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பேப்பர் வகையைக் கழுவவே கூடாது. தட்டிப் பார்த்தும் தூசி போகாவிட்டால் புதிது போடுங்கள். 'பிக்கப் கிடைக்கும்' என்று ஃபில்டரையே கழற்றி வீசிவிட்டு ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம் ஊர்ப் புழுதி உள்ளே போனால் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத் தேய்ந்துவிடும்.

கிடையில் கிடந்த வண்டி என்றால் எலியும் குளவியும் பார்க்க வேண்டிய ஆட்கள். சீட்டுக்கு அடியில் ஏர் பாக்ஸ் ரப்பரை எலி கடித்திருக்கும். கார்புரேட்டரின் மெல்லிய வென்ட் டியூபுக்குள் குளவி மண் வைத்து அடைத்திருக்கும்.

போகக் கூடாத வழி என்பது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்டு. அங்கே ஓரிங் காய்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காமல் தொங்கும். ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் சும்மா ஓடும் வேகம், ஏறி ஏறி இறங்கும். வண்டியைக் கிளப்பி விட்டு, அந்தச் சந்தைச் சுற்றி ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். ஒரு இடத்தில் அடிக்கும்போது மட்டும் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். சூடான சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அது வேண்டாத வேலை.

இன்ஜினுக்குள் அமுக்கம் இருக்கிறதா?

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் கண்டுபிடிக்க மட்டும் முடிந்தால் போதும், சரிசெய்வது பெரும்பாலும் ஒர்க்ஷாப் வேலை. கிக்கர் வெண்ணெயில் இறங்குவது போல வழுக்கி இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. கேஜ் வைத்து அளக்க முடிந்தால் அளந்து, ஒரு ஸ்பூன் ஆயிலைப் பிளக் துளை வழியாக விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்ற விட்டுவிடாதீர்கள். முதலில் டப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் விடும் சந்தை, பார்க்கச் சொல்லுங்கள். 100 சிசி வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். இறுகிப் போயிருந்தால் வண்டி சூடானதும் வால்வு முழுதாக மூடாமல், ஐட்லிங் நிற்காது, சூட்டில் கிளம்பாது. இந்த அறிகுறிகளைத்தான் பலர் கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் (ஐட்லிங்கில் பெட்ரோலை அளந்து விடும் துளை) அடைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். டப்பெட்டை எப்போதும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பார்க்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு டப்பெட் கிடையாது. பதிலாக சைலன்சருக்குள் கரி. வேகத்தில் இழுவை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் சைலன்சரின் உள்குழாயைக் கழற்றிப் பாருங்கள்.

இப்போது கார்புரேட்டர்

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் இல்லாமல், சில பித்தளைத் துளைகளை மட்டும் வைத்துச் சமாளிக்கும் சாமான்தான் கார்புரேட்டர். கைப்பிடி மூடியதிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு வரை வேலை பார்ப்பது ஸ்லோ ஜெட்டும் மிக்சர் திருகும். கால் முதல் முக்கால் வரை, ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடு ஒன்று கொஞ்சம் கலந்திருக்கும். கைப்பிடியில் டேப் ஒட்டச் சொன்னது இதற்காகத்தான். சிக்னலில் மட்டும் ஆஃப் ஆகும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

கழற்றுவதற்கு முன் ஒரு எளிய சோதனை. வண்டி நன்றாகச் சூடாகியிருக்கிறது, கோளாறும் வந்துகொண்டிருக்கிறது. அப்போது சோக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைப்பு, காற்றுக் கசிவு, மிதவை மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்) குறைவு ஆகியவற்றில் ஒன்று. திணறல் அதிகமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். ஃபில்டர் அடைப்பு, ஓவர்ஃப்ளோ, முழுதாக மூடாத சோக், தேய்ந்த ஊசி என்று தேட வேண்டும். டூ ஸ்ட்ரோக்காரர்கள் பெட்ரோல் போதாத நிலையில் வண்டியை விரட்டக் கூடாது. ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் வண்டிகளில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது, அது குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சரி, கழற்றலாம். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலின் அடித்திருகைத் தளர்த்தி உள்ளே இருப்பதை வடியுங்கள். மேல்மூடியைத் திருகினால் கேபிளோடு ஸ்லைடும் ஊசியும் சேர்ந்து வெளியே வரும். ஊசி வளையாமல் ஒரு துணியில் சுற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். பிறகு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கார்புரேட்டர் கைக்கு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு போட்டோ எடுங்கள். வெளிப்புற மண்ணை முழுவதும் துடைத்த பிறகே பவுலைத் திறக்க வேண்டும். கீழே ஒரு வெள்ளைத் துணியோ பழைய எவர்சில்வர் தட்டோ இருக்கட்டும். மிதவைப் பின்னை உருவினால் அரிசியை விடக் கொஞ்சம் பெரிய ஊசி வால்வு ஒன்று கீழே விழும். தரையில் விழுந்தால் தேடிக் கிடைக்காது.

ஜெட்டுகள் பித்தளை, மென்மையானவை. வாய் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். மிக்சர் திருகைக் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதை மெதுவாக உள்பக்கம் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முட்டியதும் விட்டுவிட வேண்டும். இறுக்கினால் முனை நசுங்கி, அப்புறம் எந்தச் சுற்றிலும் ஐட்லிங் நிற்காது. வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங், குட்டி வாஷர், ஓரிங் மூன்றும் வருகின்றனவா என்று பாருங்கள். ஓரிங் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி சுத்தம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஒவ்வொரு துளையிலும் அடித்து, அது மறுமுனையில் வெளியே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், திரும்பிக் கண்ணில் தெறிக்கும். ரப்பர் சாமான்களில் கிளீனர் படக் கூடாது. காற்று அடிக்கப் பக்கத்துப் பஞ்சர் கடையில் கேட்கலாம். அவர்கள் கம்ப்ரசரில் தண்ணீர் தங்கியிருக்கும், அதனால் முதலில் தரையில் கொஞ்சம் அடித்துவிட்டுப் பிறகு ஜெட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முழுவட்டமாகத் தெரிய வேண்டும். ஓரம் மங்கலாகத் தெரிந்தாலே பாதி அடைப்பு என்று பொருள். அடைப்பெடுக்கக் குண்டூசி, கம்பி எதையும் விடாதீர்கள். பிரஷ்ஷிலிருந்து உருவிய ஒற்றை நைலான் இழை போதும். எண்ணூறு ரூபாய் வேலையை ஒரு குண்டூசி கெடுத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். துளை கொஞ்சம் பெரிதானாலும் அந்த ஜெட் இனி அந்த எண்ணுடைய ஜெட் இல்லை.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஆடும் சத்தம் கேட்டால் ஓட்டையாகி மூழ்குகிறது, மாற்ற வேண்டும். ஊசி வால்வின் முனையில் நகத்தை ஓட்டினால் வளையமாகத் தேய்மானம் தட்டுப்படுகிறதா? அதையும் மாற்றுங்கள். வண்டி நிற்கும்போது ஓவர்ஃப்ளோ டியூபில் பெட்ரோல் சொட்டுவதற்கு இந்த இரண்டும், அந்த வால்வு உட்காரும் இடத்தில் சிக்கிய ஒரு மணல் துணுக்கும்தான் வழக்கமான காரணம். அப்படிச் சொட்டிய வண்டியில் இன்ஜின் ஆயிலை எடுத்து முகர்ந்து பாருங்கள். மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் கிளப்பவே கூடாது.

திரும்ப மாட்டுவதில் ஒரே ஒரு இடத்தில்தான் பெரிய ஆபத்து. ஸ்லைடை உள்ளே இறக்கும்போது, அடியில் வளைவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும், பக்கவாட்டுக் காடி அதற்கான முளையில் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்லைடு முழுதாக மூடாது. கிளப்பிய உடனே இன்ஜின் முழுவேகத்தில் அலறும். அதனால் கிளப்புவதற்கு முன் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள், 'டக்' என்று திரும்பி விழும் சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் இதைச் செய்து பாருங்கள்.

டியூனிங்

மிக்சர் திருகை நோட்டில் எழுதிய சுற்றுக்கே கொண்டுவாருங்கள். எழுதவில்லை என்றால் முட்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே, தொடங்குவதற்கு அது போதும். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, ஐட்லிங் திருகைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். இப்போது மிக்சர் திருகைக் கால் சுற்று திருப்பி, நாலைந்து நொடி காத்திருந்து, சத்தத்தைக் கேளுங்கள். மறுபடி கால் சுற்று. எந்த இடத்தில் இன்ஜின் அதிக வேகமாகவும் ஒரே சீராகவும் ஓடுகிறதோ அதுதான் அந்த வண்டிக்கான இடம். அப்புறம் ஐட்லிங் திருகை இறக்கி, சிக்னலில் நிற்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

எந்தப் பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். முட்டும் வரை உள்ளே திருகியும் இன்ஜினில் எந்த மாற்றமும் இல்லையா? ஸ்லோ ஜெட் வழி இன்னும் சுத்தமாகவில்லை, மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

நடுவேகத்தில் மட்டும் கோளாறு மிச்சமிருந்தால் ஊசியின் கிளிப்பைப் பாருங்கள். கிளிப்பை ஒரு காடி மேலே மாட்டினால் ஊசி இறங்கிப் பெட்ரோல் குறையும், கீழே மாட்டினால் கூடும். ஒரு நேரத்தில் ஒரு காடி, ஒரு மாற்றம். மாற்றியதும் அதே ரோட்டில் ஓட்டி நோட்டில் எழுதுங்கள். ஜெட்டும் மாற்றி, கிளிப்பும் மாற்றி, பிளக்கும் புதிது போட்டால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

இங்கே டியூன் செய்த வண்டியில் கொடைக்கானல் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏறக் காற்று மெலியும். மேலே ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட் அதேதான். அதனால் கலவையில் பெட்ரோல் கூடி, இழுவை குறைந்து, பிளக் கறுக்கும். அது கோளாறு இல்லை. அங்கே நின்று மிக்சரைத் திருப்பிவிட்டு, அதே நிலையில் மதுரைக்கு இறங்கி வந்தால் இங்கே பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும். கீழ் கியரில் பொறுமையாக ஏறிவிட்டு, திருகைத் தொடாமல் இறங்கி வாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோங்கள், தப்பில்லை. ஆனால் "கார்புரேட்டர் சர்வீஸ் பண்ணுங்கண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "அண்ணே, சூடான பிறகுதான் வருது. கைப்பிடி முக்காலுக்கு மேல போனா மட்டும் திணறுது. சோக் போட்டா குறையுது. பெட்ரோல் நல்லா இறங்குது, பிளக் புதுசு, மேனிஃபோல்டுல லீக் இல்ல. மிக்சர் ஒண்ணே முக்கால் சுத்துல இருக்கு." நல்ல மெக்கானிக் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து வந்து, நேராக மிதவை மட்டத்தையும் மெயின் ஜெட்டையும்தான் பார்ப்பார்.